முக்கோணத்துக்கு ஆயிரம் வரி

மண்டபத்தில் ஐஸ் கம்பெனி மாடியில் எங்கள் அறை.
கீழே கம்ப்ரசர் உதறி எழும்போது
திரையில் நான் வரைந்த கடலும் உதறும்.
நிஜக்கடல் ஜன்னலுக்கு வெளியே இருந்தது,
அதைப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை.

விளையாட்டு இவ்வளவுதான்:
பாம்பன் கால்வாயில் ஒரு வத்தை.
நீரோட்டம் திரும்புவதற்குள்
பாலத்துக்கு அடியில் கடந்துவிட வேண்டும்.
முதலில் டைரக்ட்எக்ஸில்தான் எழுதினேன்.
ஒரு கம்பெனியின் வீடு அது. சாவி அவர்களுடையது.
ஆனால் சுவிட்ச் போட்டால் விளக்கு எரிந்தது.
தப்பு செய்தால் எந்த இடத்தில் என்று
ஓரளவு மரியாதையாகச் சொன்னது.
மூன்றே வாரத்தில் அலைக்கு நுரை கட்டியது.

நம்புராஜனுக்கு ஆகவில்லை.
"உன் கடல் உன் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் அடிக்குது ஜொகரா.
தங்கச்சிமடத்துப் பயலுக கையில
எட்டாயிரம் ரூபாய் போன்.
அவனுக்கு எந்தக் கடல்?"

வல்கனில் எழுதலாம் என்றான்.
அது யாருக்கும் சொந்தமில்லை என்றான்,
பிறகு, எல்லாருக்கும் சொந்தம் என்று திருத்தினான்.
ஒரு குழுவுக்குச் சொந்தம், என்றேன்,
அந்தக் குழுவிலும் சிப் விற்கிறவர்கள்தான்
முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.
அன்றைக்கு டீ ஆறிப்போனது.

ஒரு முக்கோணம் வரைய ஆயிரம் வரி.
வரி என்றால் தமிழில் இரண்டு,
நான் இரண்டையும் கட்டினேன்.
நினைவகத்தில் எந்த மூலை என்று நான் சொல்ல வேண்டும்,
யார் யாருக்காகக் காத்திருப்பது என்று நான் சொல்ல வேண்டும்,
ஒன்று விட்டுப்போனால் கறுப்புத் திரை.
திட்டு வேண்டுமென்றால்
அதையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அந்த நாட்களில் ஒருநாள்
ஐஸ் பாக்கி கட்ட வந்த அடைக்கலமேரி
படியில் நின்று யாரிடமோ போனில் சொன்னாள்:
"மூங்கில் தெப்பத்துல கட்டுற கம்பெனிப் பாசி
நாப்பத்தஞ்சு நாள்ல காசு. விதையும் அவங்க, விலையும் அவங்க.
தீவுப்பக்கம் தானா வெளையுற பாசி ஆருதும் இல்ல,
அதான் போனா ஆபீசரு வெரட்டுறாரு."
ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.
எங்கள் சண்டை அவளுக்குத் தெரியாது.
நாங்கள்தான் ஆளுக்கொரு கட்சிக்கு
அவளைச் சாட்சியாக்கிக்கொண்டோம்,
அவள் போய் வெகுநேரம் வரை.

இருபத்துமூன்றாம் இரவு
நம்புவின் போனில் கடல் வந்தது.
தலைகீழாக.
தண்ணீர் மேலே, வானம் காலடியில்,
பாலத்தின் தூண்கள் மேகத்தில் ஊன்றி நிற்க
வத்தை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல்
போய்க்கொண்டிருந்தது.
பெட்டி ஏற்ற வந்த கருமலையான் எட்டிப் பார்த்து,
"கவுந்துருச்சா?" என்றார், நிஜமான கவலையோடு.

பழைய வீட்டில் உயரம் மேல்நோக்கி வளரும்.
இங்கே கீழ்நோக்கி.
எது மேல் என்பதில்கூட
இவர்கள் ஒத்துப்போகவில்லை.
ஒரு கழித்தல் குறி போட்டேன்.
கடல் இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தது.

இப்போது எல்லாப் போனிலும் ஓடுகிறது.
ஒன்றில் நீலம், இன்னொன்றில் பாசிப் பச்சை,
பெயர் வாயில் நுழையாத ஒரு போனில் நுரையே இல்லை.
"வடகடலும் தென்கடலும் ஒரே நிறமாவா கெடக்கு?"
என்கிறான் நம்பு.
அது பதில் இல்லை. ஆனாலும் சிரித்துவிட்டேன்.

பழைய கோப்புறையை நான் அழிக்கவில்லை.
'அழிக்கலாம்' என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறேன்.
அவன் டீக்கு இறங்கும்போது திறப்பேன்,
நுரையை ஒரு நிமிஷம் ஓடவிட்டுப் பார்ப்பேன்.
படியில் செருப்புச் சத்தம் கேட்டதும்
மூடிவிடுவேன்.